உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள்

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நாள்தோறும் நிரப்புகின்ற கட்டம் ஒன்று உண்டு. நாள் பாடத்திட்டத்தின் இறுதியில் 'சிந்தனை மீட்சி' என்னும் தலைப்பில் அது அமைந்திருக்கும். வகுப்பில் எத்தனை மாணவர் பாட நோக்கத்தை அடைந்தனர், அடையாதோர்க்கு என்ன செய்யப்பட்டது என்பதை ஆசிரியர் அதில் எழுத வேண்டும். தலைமையாசிரியன் என்ற முறையில் இத்தகைய குறிப்புகளை ஆயிரக்கணக்கில் படித்துக் கையொப்பமிட்டவன் நான். ஆயினும், என்னைப் பற்றிய சிந்தனை மீட்சியை நான் ஒழுங்காக எழுதி வந்தவன் அல்லன். ஆண்டுக்கொரு முறை தவக்காலம் வரும்போது எழுதத் தொடங்குவேன். உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் அந்த ஏட்டை மூடிவிடுவேன். இக்கட்டுரை அக்குறையிலிருந்து பிறந்தது.

கிறித்தவர் அல்லாத வாசகர்க்குச் சிறு விளக்கம் தேவைப்படும். சாம்பல் புதனன்று தொடங்கி, உயிர்ப்பு ஞாயிற்றை நோக்கிச் செல்லும் நாள்களே தவக்காலம். சீர்திருத்தச் சபையார் இதனை லெந்து காலம் என்பர். இடையில் வரும் ஞாயிறுகளை நீக்கிக் கணக்கிட்டால் நாற்பது நாள்கள். முந்திய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்தெடுத்த சாம்பலை நெற்றியில் பூசி, மனிதன் மண்ணே என்பதை நினைவூட்டுவதோடு அக்காலம் தொடங்குகிறது. நோன்பு, இறைவேண்டல், ஈகை ஆகிய மூன்றும் அந்நாள்களுக்குரிய கடமைகள். கத்தோலிக்க ஆலயங்களில் வெள்ளிதோறும் பதினான்கு நிலைகளைக் கொண்ட சிலுவைப்பாதை நடைபெறும். தன் குற்றங்களை எண்ணிப் பார்த்தல் அக்காலத்தின் தலையாய பணி. நம் முன்னோர் இதனை 'ஆத்தும சோதனை' என்று வழங்கினர்.

கோலாலம்பூர் வட்டாரத்தில் வாழ்வோர் இதனை அருகிலிருந்தே காணலாம். பிரிக்பீல்ட்சில் சீயோன் லூத்தரன் ஆலயம், பாத்திமா மாதா ஆலயம், செபமாலை மாதா ஆலயம் ஆகியவை ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. கிள்ளானில் லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. தமிழ் மெதடிஸ்டு சபையும் இருக்கிறது. புனித வாரத்தில் இவ்விடங்களிலெல்லாம் நிற்பதற்கும் இடமிராது. தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை நாள் அன்று. சபாவிலும் சரவாக்கிலும் மட்டுமே அன்று விடுமுறை. ஆகவே இங்குள்ள ஆசிரியர்களுள் சிலர் விடுப்பு எடுத்துக்கொள்வர். மற்றவர்கள் பள்ளி முடிந்த கையோடு, சுண்ணக்கட்டித் தூசு படிந்த கைகளுடனேயே ஆலயத்திற்கு விரைவர். அவ்வளவு ஆர்வம்! இரண்டு நாள் கழித்து உயிர்ப்பு ஞாயிறு. மணியோசை, வெண்ணிற ஆடைகள், விருந்து. மறுநாள் திங்கட்கிழமை. காலையில் பள்ளி மணி ஒலிக்கிறது. நாற்பது நாள் நம்மைத் தாங்கி வந்த ஒழுங்கு அன்றோடு நம் கையை விட்டுவிடுகிறது.

திருச்சபையின் நாள்காட்டியை ஊன்றிப் பார்த்தால் வியப்பான உண்மை ஒன்று புலப்படும். தவக்காலத்திற்கு நாற்பது நாள் வகுத்த திருச்சபை, உயிர்ப்புக் காலத்திற்கு, பெந்தகோஸ்து நாள் வரையில், ஐம்பது நாள்களை வகுத்திருக்கிறது. துயரத்தைவிட மகிழ்ச்சிக்கே நீண்ட காலம்! அதன் பின், திருவருகைக் காலம் வரும் வரையில் ஏறத்தாழ ஆறு மாதம் பொதுக்காலம். குருவானவர் பச்சை ஆடை அணியும் காலம். அந்த ஆறு மாதத்திற்கு நம்முள் எத்தனை பேரிடம் ஒரு திட்டம் இருக்கிறது? சாம்பல் பூச ஒரு நாள் உண்டு. அழுவதற்கு ஒரு நாள் உண்டு. திருந்துவதற்கென்று நாள்காட்டியில் தனியொரு நாள் குறிக்கப்படவில்லை. ஆதலால் அதனை எளிதில் மறந்துவிடுகிறோம்.

இது கிறித்தவர்க்கு மட்டும் நேரும் இடர் அன்று. தைப்பூசத்திற்காக நாற்பத்தெட்டு நாள் விரதம் காத்து, பத்துமலைப் படிகளில் காவடி சுமந்து ஏறிய அன்பரும், நோன்பு மாதம் முழுவதும் பசியோடு நாவையும் அடக்கிய இசுலாமியத் தோழரும், விழா முடிந்த மறுநாள் இதே வினாவை எதிர்கொள்கின்றனர். விரதம் முடிந்தது; விரதம் எனக்குக் கற்பித்தது என்னோடு தங்குமா?

இவ்வினாவை நூலில் படித்து நான் எழுப்பவில்லை. என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஆசிரியர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பணியில் சேர்ந்து ஈராண்டு நிறையாத இளம் ஆசிரியை ஒருவர் எழுந்து ஒரு கருத்தைச் சொன்னார். இரண்டாம் ஆண்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைகள் ஆறு பேர் இருக்கின்றனர். காலையில் வகுப்புத் தொடங்குமுன் இருபது நிமிடம் அவர்களைத் தனியே அமர்த்திப் படிக்க வைக்கலாம். அப்பொறுப்பைத் தாமே ஏற்பதாகவும் கூறினார். எனக்கு அன்று வேறு கவலைகள். தேர்வு முடிவுகள் பற்றி வந்த ஒரு கடிதம் என் கையில் இருந்தது. "டீச்சர், முதலில் உங்கள் வகுப்பின் சத்தத்தை அடக்குங்கள், பள்ளியைப் பிறகு திருத்தலாம்" என்றேன். சிலர் சிரித்தனர். அவர் பேசாமல் அமர்ந்தார். கூட்டம் அடுத்த பொருளுக்குச் சென்றது.

அதற்குச் சில வாரங்கள் கழித்துச் சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு முழந்தாளிட்டபோது அந்தச் சிரிப்பொலி என் செவியில் மீண்டும் கேட்டது. பலர் முன்னிலையில் இழிவு செய்தேன். பலர் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்பேன் என்று உறுதி பூண்டேன். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு நாற்பது நாள் இருந்தது. ஆகவே அவசரம் தோன்றவில்லை. வாரங்கள் கழிந்தன. பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிடக் குனிந்தபோது இதே நினைவு வந்து, கண்ணீர் வந்தது. அழுததால் மனம் இலேசாயிற்று. மனம் இலேசானதையே மன்னிப்பு என்று எண்ணிக்கொண்டேன். திங்கட்கிழமை பள்ளிக்குச் சென்றேன். விளையாட்டுப் போட்டிக்கான ஏற்பாடுகள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், கட்டடப் பழுது என்று பணிகள் சூழ்ந்தன. அவரை நாள்தோறும் நடைவழியில் கண்டேன்; "வணக்கம் ஐயா" என்பார்; "வணக்கம்" என்பேன். ஆண்டிறுதியில் அவர் வேறொரு பள்ளிக்கு மாற்றலாகிச் சென்றார்.

மறு ஆண்டுச் சாம்பல் புதனன்று அதே குற்றம் அதே இடத்தில் எனக்காகக் காத்திருந்தது. இம்முறை நாற்பது நாளை எண்ணவில்லை. அந்த வாரமே ஒரு பிற்பகலில் அவருடைய புதிய பள்ளிக்குச் சென்று, வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அதை அன்றே மறந்துவிட முயன்றேன் ஐயா. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் நான் வாய் திறந்ததில்லை" என்றார். அதன்பின் அவர் கேட்டதுதான் என்னைச் சுட்டது. "அந்த ஆறு பிள்ளைகளும் இப்பொழுது படிக்கிறார்களா, ஐயா?"

என்னிடம் விடையில்லை. அவர்கள் மூன்றாம் ஆண்டுக்குச் சென்றிருந்தனர் என்பது மட்டுமே எனக்குத் தெரியும்.

திரும்பி வரும் வழியில் எண்ணிப் பார்த்தேன். பெரிய வெள்ளியன்று நான் சிந்திய கண்ணீர் பொய்யன்று. ஆயினும் அது என்னை எவரிடமும் அழைத்துச் செல்லவில்லை. பாடலும் இருளும் மக்கள் கூட்டமும் அந்த உணர்ச்சியை எனக்கு இரவல் கொடுத்திருந்தன. விழா முடிந்ததும் இரவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினேன்.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே செங்கல்லால் வந்தது. 1881ஆம் ஆண்டில் முதலில் தீயும் பின்னர் வெள்ளமும் கோலாலம்பூரின் மர, அத்தாப்புக் குடில்களை அழித்தன. அதன் பிறகு நகரைச் செங்கல்லால் எடுத்துக் கட்டத் தொடங்கினர். அதற்கான கல் இவ்வட்டாரத்துச் சூளைகளில் சுடப்பட்டது. சூளையில் வெந்த கல் உறுதியானதுதான். ஆனால் அதனை எடுத்துச் சென்று ஒருவன் சுவரில் வைத்துப் பூச வேண்டும். இல்லையேல் சூளையடியில் பாசி படிந்து கிடக்கும். தவக்காலம் சூளை போன்றது. சுவர் எழுப்பும் வேலை அதற்குப் பிந்தியது.

இதனை விளக்க விவிலியத்திலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. இயேசு பெருமான் பிடிபட்ட இரவில், பேதுரு அவரை அறியேன் என்று மும்முறை மறுதலித்தார். அப்பொழுது அவர் தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தார் என்று யோவான் எழுதுகிறார். சேவல் கூவியது, பேதுரு மனங்கசந்து அழுதார் என்று மற்ற நற்செய்தியாளர் கூறுகின்றனர். பெரும்பாலான தவக்கால மறையுரைகள் அந்தக் கண்ணீரோடு நின்றுவிடுகின்றன. யோவான் நிற்கவில்லை. உயிர்ப்புக்குப் பிறகு பேதுரு மீண்டும் மீன்பிடிக்கச் செல்கிறார். இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலையில் கரையில் இயேசு நிற்கிறார். அங்கும் ஒரு கரிநெருப்பு மூட்டப்பட்டிருக்கிறது. உணவு முடிந்ததும், என்னிடம் அன்பு கொண்டிருக்கிறாயா என்று பேதுருவை மும்முறை வினவுகிறார். ஒவ்வொரு விடைக்கும் பின்னர் ஒரு பணியை ஒப்படைக்கிறார்: முதற்பணி, ஆட்டுக்குட்டிகளைப் பேணுவது.

இந்நிகழ்ச்சியில் மூன்று உண்மைகளைக் காண்கிறேன். முதலாவது, பேதுருவின் மெய்யான தன்னாய்வு நடந்தது பெரிய வியாழன் இரவில் அன்று. உயிர்ப்பு விழா முடிந்த பிறகே. இரண்டாவது, அது ஆலயத்தில் நடக்கவில்லை. அவர் நாள்தோறும் உழைத்த கடற்கரையில், வலைக்கும் மீனுக்கும் நடுவே நடந்தது. மூன்றாவது, பழைய குற்றத்தைப் பேசி முடித்ததோடு அது ஓயவில்லை. இனி யாரைக் காக்க வேண்டும் என்னும் கடமையில் சென்று சேர்ந்தது. பேதுருவிடம் கேட்கப்பட்டது போன்ற ஒரு வினா என்னிடமும் கேட்கப்பட்டது. அந்த இளம் ஆசிரியை தம் மனப்புண்ணைப் பற்றிச் சிறிதே பேசினார்; ஆட்டுக்குட்டிகளைப் பற்றியே வினவினார்.

இவ்வுண்மையை உணர்ந்த பெரியோர் மூவர், நம் வட்டாரத்தில் உள்ள மூன்று சபையாருக்கும் முன்னோராக இருப்பது குறிப்பிடத்தக்கது.

1517ஆம் ஆண்டு விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூதர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கருத்துரைகளுள் முதலாவதே மனந்திரும்புதலைப் பற்றியது. அது ஒரு சடங்கோடு முடிவதன்று, நம்புகிறவனின் வாழ்நாள் முழுவதும் அவ்வாறே அமைய வேண்டும் என்பது அதன் பொருள். பின்னர் நிகழ்ந்த பெரும் பிளவைப் பற்றிப் பேசுவோர் பலர். அந்த முதல் வரியைத் தம் வாழ்வில் ஏற்போர் சிலரே.

கத்தோலிக்க மரபில் லொயோலா இஞ்ஞாசியார் இதனை ஒரு பயிற்சியாகவே வகுத்தார். 1548இல் அச்சான அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்னும் நூலில், ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள் வரையப்பட்டுள்ளன. நீக்க விரும்பும் ஒரே ஒரு குற்றத்தைத் தேர்ந்துகொண்டு, நண்பகல் வரையில் அதில் எத்தனை முறை விழுந்தோம் என்பதை முதற்கோட்டிலும், இரவு வரையிலான எண்ணிக்கையை இரண்டாம் கோட்டிலும் புள்ளிகளாக இட வேண்டும். பிறகு நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட வேண்டும். நாம் மாணவரின் அடைவுநிலையைக் குறிக்கும் முறைதான் இது! இஞ்ஞாசியாரின் தோழராகிய சவேரியார் 1542இல் தமிழகத்து முத்துக்குளித்துறைக்கும் 1545இல் நம் மலாக்காவுக்கும் வந்தார். அவர்களுடைய சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர், உபதேசியார்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலைத் தமிழில் இயற்றினார். கற்பிப்போனின் ஒழுக்கத்தை ஒரு தனி நூலுக்குரிய பொருளாக அவர் கருதியது ஆசிரியர்களாகிய நாம் எண்ணத்தக்கது.

ஜான் வெஸ்லி கண்ட வழி வேறு. அதுவும் தற்செயலாகப் பிறந்தது. 1742இல் பிரிஸ்டல் நகரில் வழிபாட்டு மனைக்கு ஏற்பட்ட கடனைத் தீர்க்க, ஒவ்வோர் உறுப்பினரும் வாரம் ஒரு பென்னி தருவதென்று முடிவாயிற்று. பன்னிருவர்க்கு ஒருவர் என்ற கணக்கில் தண்டல் செய்வோர் வீடு வீடாகச் சென்றனர். காசு வாங்கச் சென்றவர்கள் அவ்வீடுகளில் நிலவிய சண்டையையும் குடியையும் துயரத்தையும் கண்டனர். அதிலிருந்து, சிறு குழுவாக வாரந்தோறும் கூடி ஒருவர் நிலையை ஒருவர் உசாவும் வழக்கம் மெதடிஸ்டு சபையில் வேரூன்றியது. தன் கண்ணுக்குத் தெரியாத தன் முதுகைப் பார்க்கப் பிறர் கண் வேண்டும் என்பதை வெஸ்லி அறிந்துகொண்டார்.

வாழ்நாள் முழுவதற்கும் உரியது என்றார் ஒருவர். நாள்தோறும் கணக்கெழுது என்றார் மற்றொருவர். தனியே செய்யாதே என்றார் மூன்றாமவர். மூவரும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றனர்.

இங்கே ஒரு தடை எழலாம். நாள்தோறும் தன் குற்றத்தையே எண்ணிக்கொண்டிருப்பவன் நோயாளியாகிவிட மாட்டானா? நியாயமான வினாவே. இஞ்ஞாசியாரே 1522இல் மன்ரேசா என்னும் ஊரில் தங்கியிருந்தபோது, ஒப்புக்கொண்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் எண்ணி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருமளவுக்குத் துன்புற்றார். லூதரும் இளந்துறவியாக இருந்த நாளில் அத்தகைய கலக்கத்தால் வருந்தியவரே. பட்டறிவு பெற்ற இஞ்ஞாசியார், இரவுநேர ஆய்வைக் குற்றத்திலிருந்து தொடங்கச் சொல்லவில்லை; அன்று பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுவதிலிருந்தே தொடங்கச் சொன்னார். நாற்பது நாள் துயரத்திற்குப் பின் ஐம்பது நாள் மகிழ்ச்சியை வைத்த திருச்சபையின் கருத்தும் அதுவே. மன்னிப்பை நம்பாதவன் தன்னை நேராகப் பார்க்க முடியாது. ஒன்று மறைப்பான், அல்லது மனமுடைவான்.

மற்றோர் இடரும் உண்டு. எதையும் நாள்தோறும் எழுதினால் அது வெறும் வழக்கமாகிவிடும். சிந்தனை மீட்சிக் கட்டத்தில் முதல் நாள் எழுதியதையே மறுநாளும் பெயர்த்தெழுதும் ஆசிரியர் இல்லையா? ஆகவே எழுதுவது சுருக்கமாகவும் குறிப்பாகவும் இருத்தல் வேண்டும். 'இன்று பொறுமை இழந்தேன்' என்பது பயனற்ற வரி. 'இன்று இன்னாரிடம் இன்ன சொல்லைச் சொன்னேன்' என்பதே பயனுள்ள வரி. ஏனெனில் அதில் நாம் சென்று சந்திக்க வேண்டிய ஒருவருடைய பெயர் இருக்கிறது. வள்ளுவரும் புறங்கூறாமை அதிகாரத்தை முடிக்கும் இடத்தில், அயலாருடைய பிழையைக் காண்கின்ற அதே கூர்மையான கண்ணை நம்மீது திருப்பச் சொல்கிறார். ஆசிரியராகிய நமக்கு அக்கண் நன்றாகவே பழகியிருக்கிறது. பிறர் ஏட்டில் சிவப்பு மையால் திருத்துவது நம் அன்றாடத் தொழில் அன்றோ?

தமிழாசிரியராக விளங்கிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பன்யனின் கதையைத் தழுவி இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. பன்யனின் கதையில், முதுகில் பாவச் சுமையோடு புறப்படும் பயணி சிலுவையடியில் வந்ததும் அச்சுமை கழன்று உருண்டுவிடுகிறது. கதை அங்கே முடிந்துவிடவில்லை. பயணத்தின் பெரும்பகுதி அதற்குப் பின்னரே வருகிறது. சிலுவையைக் கடந்து சென்றவன், மலையேறும் வழியில் இருந்த நிழற்பந்தலில் அயர்ந்து உறங்கி, தனக்கு அளிக்கப்பட்ட ஓலைச்சுருளைத் தவறவிடுகிறான். பிறகு வந்த வழியே திரும்பிச் சென்று அதைத் தேடி எடுக்க நேர்கிறது. அதற்குள் இருள் சூழ்ந்துவிடுகிறது. உயிர்ப்பு விழாவுக்கு மறுநாள் நாம் உறங்கும் உறக்கமும் அதுதான். திரும்பி நடந்தால் இழந்ததை எடுத்துவிடலாம். ஆனால் ஓராண்டு சென்றுவிடும். அந்த ஓராண்டில் மூன்றாம் ஆண்டுக்குச் சென்றுவிடும் பிள்ளைகளும் இருப்பார்கள்.

இப்பொழுது நான் கைக்கொள்ளும் முறை எளியது. மாணவரும் இதனைப் பின்பற்றலாம். உறங்கச் செல்லுமுன் ஒரு சிறு குறிப்பேட்டில் மூன்று வரிகள் எழுதுகிறேன். இன்று நான் பெற்ற நன்மை எது? இன்று யாரைப் புண்படுத்தினேன், அல்லது யாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டேன்? அதற்காக நாளை நான் செய்யப்போவது என்ன? வாரக் கடைசியில், என்னைப் புகழாத ஒரு நண்பரிடம் அந்தப் பக்கங்களைப் பற்றிப் பேசுகிறேன். மூன்றாம் வரியில் எழுதிய ஒன்று ஏழு நாளுக்கு மேல் நிறைவேறாமல் நின்றால், அவர் என்னை விடுவதில்லை. தவறிய நாள்களும் உண்டு. தவறினேன் என்பதையும் மறுநாள் எழுதிவிடுகிறேன்.

அந்த ஆசிரியையைச் சந்தித்து வந்த மறுநாள், ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டி, முன்பு நான் பேசிய சொல் தவறானது என்பதைச் சிரித்தவர்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டேன். அவர் சொன்ன காலை வாசிப்பு வகுப்பும் தொடங்கிற்று, நானே அமர்ந்தேன். ஆறு பிள்ளைகளுள் ஒருவன் பெற்றோருடன் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தான். எஞ்சிய ஐவருள் மூவர் ஆண்டு முடிவதற்குள் தடையின்றிப் படித்தனர். இருவர் இன்னும் திணறினர். ஓராண்டு முன்னரே தொடங்கியிருந்தால் அவ்விருவரும் எவ்வாறு இருந்திருப்பர் என்னும் வினாவுக்கு விடை எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

தவக்காலம் ஆண்டுதோறும் வரும். சாம்பலும் கண்ணீரும் வரும். அவற்றை வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் மாணவர்களே, ஆசிரிய நண்பர்களே, உங்கள் சமயம் எதுவாயினும், விழா முடிந்த மறுநாள் காலையில் ஒரு பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் சென்று பேசிவிட்டு வந்து, அன்றிரவு உங்கள் முதல் வரியை எழுதுங்கள்.